ஓக் மரத்தால் ஒரு பண்ணை வீடு: பேலீஃப் வீட்டை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைச் சுவரில் கறுப்பு மரக்கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய ஆங்கிலேய வீட்டை நாட்காட்டிப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வீடுகளைப் பற்றி என்னிடம் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் மனதில் எதுவும் நிற்காது. அதனால் பேலீஃப் என்ற ஒரே ஒரு பண்ணை வீட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன். மற்ற வீடுகள் தேவைப்படும் இடத்தில் வரும்.

பேலீஃப் எங்கே இருக்கிறது? யாருடைய வீடு?

இன்று அது மேற்கு சசெக்ஸில், சிங்கிள்டன் கிராமத்தில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிறந்த இடம் கென்ட் மாவட்டத்தில் சிட்டிங்ஸ்டோன் பக்கம். வீட்டின் பழைய பகுதி 1405க்கும் 1430க்கும் இடையில் கட்டப்பட்டது. ஒரு முனை மட்டும் சுமார் நூறு வருடம் கழித்து, 1505-10 வாக்கில் புதிதாகச் சேர்ந்தது.

இது பிரபுவின் மாளிகை கிடையாது, ஏழையின் குடிசையும் கிடையாது. வசதியான உழவர் குடும்பத்தின் வீடு. 1348-49 கொள்ளைநோயில் இங்கிலாந்தின் மக்கள்தொகை சரிந்தது. பிழைத்திருந்தவர்களுக்குக் கூலி உயர்ந்தது, நிலமும் கைக்கு வந்தது. அதற்கு அடுத்த தலைமுறைகளில்தான் தென்கிழக்கு இங்கிலாந்தின் உழவர்கள் இப்படித் திடமான வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள்.

கென்டில் இருந்த வீடு சசெக்ஸுக்கு எப்படி வந்தது?

பவ் பீச் என்ற இடத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. பேலீஃப் அந்த நிலத்தில் இருந்தது. 1960களின் கடைசியில் அதைக் கட்டை கட்டையாகக் கழற்றி, எண் போட்டு, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள்.

செங்கல் வீட்டை இப்படிப் பெயர்த்து எடுப்பது மிகவும் கடினம். மரச்சட்ட வீட்டுக்கு இது சாத்தியம், ஏனென்றால் கட்டும்போதே அது அப்படித்தான் செய்யப்பட்டது. தச்சர்கள் வீட்டை மனையில் கட்டவில்லை. தங்கள் பட்டறை முற்றத்தில் ஒவ்வொரு சுவரையும் தரையில் படுக்கவைத்து இணைத்துப் பார்த்தார்கள். சரியாகப் பொருந்தியதும் பிரித்து, மனைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தினார்கள். ஆக பேலீஃப் 1400களிலேயே ஒருமுறை கழற்றி மாட்டப்பட்ட வீடு. 1910இல் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் கிழக்கு சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டர் வீட்டைப் பெரிதாக்கியபோதும், பெனென்டனில் இருந்த ஒரு பழைய மரச்சட்ட வீட்டைப் பெயர்த்து வந்து அதோடு சேர்த்துக்கொண்டார்.

இந்த வீடுகளைப் புரிந்துகொள்ள எனக்குச் சாவியாக அமைந்தது இதுதான். இது சுவர் தாங்கும் வீடு இல்லை. ஒரு பெரிய மரச்சாமான். கட்டில், அலமாரி செய்யும் அதே புத்தியில், அதே கைவேலையில் செய்த வீடு.

எந்தக் கட்டை எங்கே போகும் என்று எப்படி நினைவு வைத்தார்கள்?

இணையும் இரண்டு கட்டைகளிலும் ஒரே குறியை உளியால் கீறி வைத்தார்கள். ரோமன் எண்கள்தான், ஆனால் தச்சர் வழக்கில். நான்கு என்றால் பெரும்பாலும் நான்கு நேர்கோடுகள். ஐந்திலிருந்து ஒன்றைக் கழிக்கும் ஏட்டுமுறை தச்சருக்கு ஒத்துவராது. கட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் நான்கு ஆறாகிவிடும், ஆறு நான்காகிவிடும்.

ஒரு குறுந்தூணின் அடியில் மூன்று கோடு. அது செருகும் கட்டையிலும், துளைக்குப் பக்கத்தில் அதே மூன்று கோடு. நேரில் பார்க்கும்போது விரல் தானாக அங்கே போகிறது. அறுநூறு வருடமாக அந்த இரண்டு குறிகளும் எதிரெதிரே நிற்கின்றன.

இரும்பு ஆணியே அடிக்காமல் எப்படி நிற்கிறது?

சட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது மர ஆணிகள்தான். ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதில் நுழையும் நாக்கு. இரண்டையும் குத்தி நிற்கும் ஓக் ஆணி. இதுவரை எல்லா ஊர்த் தச்சருக்கும் தெரிந்த வேலைதான். நுணுக்கம் ஆணியின் துளையில் இருக்கிறது.

நாக்கில் போடும் ஆணித்துளையை, வெளிக்கட்டையின் துளைக்கு நேராகப் போடமாட்டார்கள். ஒரு நூல், ஒன்றரை நூல் தள்ளிப் போடுவார்கள். முனை கூம்பிய ஆணியைச் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது அது வளைந்து நுழைகிறது. நுழையும்போதே நாக்கை உள்ளே இழுத்துக் கட்டைகளை இறுக்கிவிடுகிறது. பசை, திருகு எதுவும் வேண்டாம். பல வீடுகளில் ஆணியின் தலை சுவருக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

கட்டைகள் சேரும் இன்னொரு மூட்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தூணின் தலையில் மூன்று கட்டைகள் சந்திக்கின்றன: தூண், சுவரின் மேல் நீளவாக்கில் ஓடும் தலைமரம், வீட்டுக்குக் குறுக்கே போகும் உத்தரம். தூணின் தலை அகன்றிருக்கும். அதில் இரண்டு நாக்குகள். ஒன்று தலைமரத்துக்குள், இன்னொன்று உத்தரத்துக்குள். உத்தரம் தலைமரத்தின் மேல் புறாவால் வடிவ வெட்டில் உட்காரும். கூரையின் எடை சுவர்களை வெளிப்பக்கம் தள்ளப் பார்க்கும்போது, இந்தப் புறாவால்தான் விடாமல் பிடிக்கிறது.

தூணின் தலைக்கு அந்த அகலம் எங்கிருந்து வந்தது? மரத்தைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். வேர்ப்பக்கம் விரிந்த அடிமரம் மேலே, ஒல்லியான நுனி கீழே. இதை முதலில் தெரிந்துகொண்ட நாள் எனக்கு மறக்கவில்லை. அதுவரை எந்தத் தூணையும் நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

மரத்தைப் பல வருடம் உலர்த்திய பிறகுதான் பயன்படுத்தினார்களா?

இல்லை. வெட்டிய ஓக்கைப் பச்சையாகவே, பெரும்பாலும் ஓரிரு வருடங்களுக்குள் பயன்படுத்தினார்கள். பச்சை ஓக் உளிக்கும் வாய்ச்சிக்கும் இணங்கும். காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி ஆகிவிடும். வீடு எழுந்து நின்ற பிறகு மரம் அங்கேயே மெல்லக் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கில் மூட்டுகள் இன்னும் இறுகின. பழைய வீடுகளில் தரை சாய்ந்திருப்பதற்கும் உத்தரங்களில் நீள வெடிப்பு ஓடுவதற்கும் பெரும்பாலும் காரணம் இந்த உலர்தல்தான். வெடிப்பைப் பார்த்து வீடு விழப்போகிறது என்று பயப்படவேண்டாம். முதல் சில வருடங்களிலேயே வந்த வெடிப்பாக இருக்கலாம்.

ஒரு வீட்டுக்காக ஒரு காட்டையே அழித்தார்களா?

இங்கிலாந்தின் காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம், சஃபோக்கில் ஸ்டான்டன் என்ற ஊரிலுள்ள ஒரு பண்ணை வீட்டின் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். சுமார் 330 ஓக் மரங்கள். கேட்கத் திகைப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒல்லியான இளமரங்கள். ஒரு சிறுமரத்தை நான்கு பக்கமும் செதுக்கினால் ஒரு தூண், அவ்வளவுதான். காட்டை வெட்டித் தீர்க்காமல், அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கவிட்டு, முறைவைத்து வெட்டினார்கள். மாளிகைக்கும் தேவாலயத்துக்கும்தான் பெருமரங்கள் தேவைப்பட்டன.

கட்டைகளுக்கு நடுவில் உள்ள சுவர் எதனால் ஆனது?

மண்ணும் சாணியும்தான். ஓக் குச்சிகளை நட்டமாகச் செருகி, அவற்றின் ஊடே ஹேசல் என்ற புதர்மரத்தின் வளாரைப் படல் பின்னுவதுபோலப் பின்னுவார்கள். அந்த வரிச்சின் இரண்டு பக்கமும் களிமண், மாட்டுச்சாணி, நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்த சேற்றை அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு.

இந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை. கூரையின் எடை முழுக்க மரச்சட்டத்தின் வழியே இறங்குகிறது. சட்டத்தின் கீழ்க்கட்டை நேராக மண்ணில் உட்காராமல் ஒரு தாழ்வான கல்மேடையில் உட்காரும். ஈரம் ஏறாமல் இருக்க.

எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் இருந்ததா?

பெரும்பாலும் இல்லை. ஓக்கை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும். பல இடங்களில் மரத்துக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். மரத்துக்குக் கருந்தார் பூசிப் பளிச்சென்று காட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பெருவாரியாகப் பரவியது. நாட்காட்டிப் படத்தில் நாம் பார்த்தது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ரசனை. எனக்குச் சாம்பல் ஓக்தான் பிடிக்கும். பேலீஃபில் அதைப் பார்க்கலாம்.

வீட்டின் உள்ளே என்னென்ன இருக்கும்?

நடுவில் கூடம், இரண்டு முனைகளிலும் இரண்டு தட்டு. அதுதான் அடிப்படை. கூடம் தரையிலிருந்து கூரை வரை திறந்தே இருக்கும். மச்சு கிடையாது. தரை, மிதித்து இறுக்கிய மண். நடுத்தரையில் அடுப்பு எரியும்.

வாசலில் நுழைந்ததும் வீட்டைக் குறுக்காக வெட்டும் ஒரு நடை. எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல். நடையின் ஒரு பக்கம் தாழ்ந்த முனை: பானங்கள் வைக்க ஓர் அறை, ரொட்டியும் உலர்ந்த பண்டமும் வைக்க ஓர் அறை. மறுபக்கம் கூடம். கூடத்தின் அந்தக் கோடியில், நடையிலிருந்து தள்ளி, வீட்டுக்காரரின் மேசையும் விசுப்பலகையும். அவருக்குப் பின்னால் உயர்ந்த முனை. அதன் மாடியில்தான் குடும்பத்தின் நல்ல படுக்கையறை. பேலீஃபில் அந்த மாடியறைக்குச் சுவரை ஒட்டி வெளியே துருத்திய கழிப்பறைகூட உண்டு. யார் எங்கே உட்காரலாம், எதுவரை வரலாம் என்பதை வீட்டின் அமைப்பே சொல்லிவிடும்.

இங்குள்ள சாமான்கள் 1540 வாக்கில் இப்படி ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடியவை. எல்லாம் நகல்தான். அதனால் பெட்டியைத் திறக்கலாம், விசுப்பலகையில் உட்காரலாம்.

நடுக்கூடத்தில் அடுப்பு என்றால் புகை எங்கே போகும்?

மேலே போகும். புகைபோக்கி கிடையாது. புகை கூரைக்கு ஏறி அங்கே தேங்கி, ஓட்டு இடுக்குகள் வழியாக மெதுவாகக் கசியும். பேலீஃபின் கூடத்தில் அடுப்பு எரியும் நாளில் போனால் ஒன்றைக் கவனிக்கலாம்: நிற்கும்போது கண் கரிக்கும், உட்கார்ந்தால் காற்று தெளிவாக இருக்கும். அந்தத் தாழ்வான விசுப்பலகைகளின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு வீடு முதலில் திறந்த கூடமாக இருந்ததா என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் முதலில் ஏறுவது கூரைக்குத்தான். கைமரங்களில் தடித்த கரி படிந்திருந்தால் சந்தேகமே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியது. புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்தின் மேல் மச்சு போட்டு அறைகளாக்கினார்கள். பழைய கூடம் இரண்டாகப் பிளந்து காணாமல் போனது, ஆனால் கரி பரணில் அப்படியே இருக்கிறது.

ஜன்னலில் கண்ணாடி இருந்ததா?

இந்தத் தரத்து வீட்டில் ஆரம்பத்தில் இல்லை. கண்ணாடி விலை அதிகம். சதுரக் குச்சிகளைக் கோணம் முன்னால் தெரியும்படி திருப்பி வரிசையாக நட்டு, உள்ளே மரக்கதவு வைத்தார்கள். ஜன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் காற்றின் கண். நம் பழந்தமிழில் அதே பொருளுக்குக் காலதர், காற்று வரும் வழி. இரண்டு சொற்களிலும் கண்ணாடி இல்லை.

பின்னாளில் ஜன்னலை அடைத்துவிட்டாலும், குச்சிகள் செருகியிருந்த சாய்சதுரத் துளைகள் கட்டையின் அடியில் வரிசையாக இருக்கும். அதை வைத்து எந்த ஜன்னல் எத்தனை அகலம் என்று சொல்லிவிடலாம்.

மாடி ஏன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது?

நகரத்தில் என்றால் மனை குறுகல், மேலே இடம் பிடித்தார்கள் என்று சொல்லலாம். வயல்வெளி நடுவில் இடத்துக்கு என்ன பஞ்சம்? என் கணிப்பில் முதல் காரணம் பெருமை. எங்கள் வீட்டில் மாடி இருக்கிறது என்று தெருவுக்குச் சொல்வது. கட்டுமானத்திலும் ஒரு நன்மை உண்டு. வெளியே நீளும் மரத்தின் முனையில் மேல்சுவரின் எடை உட்கார்வதால், அதே மரம் அறைக்குள் தொய்வது குறைகிறது.

பேலீஃப் போன்ற வீடுகளில் இரண்டு முனைகளின் மாடியும் முன்னால் துருத்தும். நடுக்கூடத்துக்கு மாடி இல்லாததால் அது உள்வாங்கி நிற்கும். ஆனால் மூன்றுக்கும் மேலே ஒரே நேரான கூரை. அதனால் கூடத்துக்கு முன்னால் கூரையின் விளிம்பு அந்தரத்தில் தொங்கும். அதை வளைந்த தாங்குமரங்கள் பிடிக்கின்றன. கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களில் பரவியுள்ள வீல்ட் பகுதியில் அதிகம் இருப்பதால் இந்த வகைக்கு வீல்டன் வீடு என்று பெயர்.

இங்கிலாந்து முழுக்க இதே மாதிரிதானா?

இல்லை. மேற்கிலும் நடுநாட்டிலும் வளைந்த மரத்தை இரண்டாகப் பிளந்து, தரையிலிருந்து கூரை முகடு வரை எதிரெதிரே சாய்த்து நிறுத்திய வீடுகள் உண்டு. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே பிறந்த ஷாட்டரி வீட்டின் பழைய பகுதி அப்படிப்பட்டது. அதைக் குடில் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் 12 அறைகள் கொண்ட பண்ணை வீடு. கிழக்கே குறுந்தூண்களை நெருக்கி நெருக்கி நட்டார்கள். அத்தனை மரம் கட்டுமானத்துக்குத் தேவையில்லை, வசதியைக் காட்டத் தேவைப்பட்டது.

கட்டிய வருடத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

மர வளையங்களை எண்ணி. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் வளையம் அகலம், வறண்ட வருடத்தில் குறுகல். இந்த அகல வரிசையை, ஏற்கெனவே காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பட்டை வரை மரம் மிஞ்சியிருந்தால் வெட்டிய வருடமே தெரியும். செதுக்கும்போது வெளிவளையங்கள் போய்விட்டால் ஒரு கால இடைவெளிதான் கிடைக்கும். மரம் பச்சையாகவே பயன்பட்டதால், வெட்டிய காலம் ஏறக்குறைய கட்டிய காலம்.

பழைய கப்பல்களை உடைத்து இந்த வீடுகளைக் கட்டினார்கள் என்கிறார்களே?

கடலே எட்டிப்பார்க்காத ஊர்களிலும் இந்தக் கதை உண்டு. எதையும் பிடிக்காமல் சும்மா இருக்கும் துளைகளைப் பார்த்துத்தான் கதை பிறக்கிறது. அந்தத் துளை பெரும்பாலும் அதே வீட்டில் பிற்பாடு எடுத்துவிட்ட ஒரு தடுப்பினுடையது, அல்லது வேறொரு பழைய வீட்டின் கட்டையை மறுபடி பயன்படுத்தியதன் அடையாளம்.

இந்த வீடுகளுக்குப் பெரிய எதிரி யார்? கரையானா?

ஒரு வண்டு உண்டு. வசந்தத்தில் துணையைக் கூப்பிடத் தலையை மரத்தில் டக் டக் என்று மோதும். நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அந்த ஓசையைக் கேட்டார்கள், அதனால் சாவுக் காவல் வண்டு என்ற பொருளில் பெயர். ஆனால் காய்ந்த, ஆரோக்கியமான ஓக்கில் அதற்குப் பெரிய வேலையில்லை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த மரம்தான் அதற்கு உணவு.

அந்த ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பது சிமென்ட். 20ஆம் நூற்றாண்டில் நல்லது செய்வதாக நினைத்து, மண்சுவரின் மேலும் கட்டைகளின் ஓரத்திலும் சிமென்ட் பூசினார்கள். மரமோ பருவத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டே இருக்கும், சிமென்ட் அசையாது. நடுவே மயிரிழை விரிசல் விழும். மழைநீர் அதில் இறங்கும், வெளியே வர வழி இருக்காது. 500 வருடம் தாங்கிய கீழ்க்கட்டை சில பத்தாண்டுகளில் கையால் உதிர்க்கும் அளவுக்கு மக்கிப்போகும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் விட்டுவிடும். தயவுசெய்து பழைய மரவீட்டில் சிமென்ட் வைக்காதீர்கள். மக்கிய முனையை மட்டும் வெட்டி, அதே வடிவில் புது ஓக்கை ஒட்டுப்போட்டு ஆணி அடித்தால் போதும், மற்ற மரம் அப்படியே இருக்கலாம்.

இப்படி ஒரு வீட்டை வாங்கினால் விருப்பப்படி மாற்றலாமா?

முடியாது. 1700க்கு முன் கட்டி, பெருமளவு பழைய நிலையிலேயே நிற்கும் வீடுகள் இங்கிலாந்தில் பெரும்பாலும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். வீட்டின் இயல்பைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் உள்ளாட்சி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்வது குற்றவியல் வழக்கில் முடியும். வாங்கும்முன் சுண்ணாம்பு வேலையும் ஓக் வேலையும் தெரிந்த ஆளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பேலீஃபைப் பழைய வடிவத்துக்குத் திருப்பியது சரியா?

மனது இரண்டாகப் போகும் கேள்வி இது. கழற்றும்போது அந்த வீட்டில் பின்னாளில் சேர்த்த புகைபோக்கியும் மச்சும் இருந்தன. அருங்காட்சியகம் அவற்றை விட்டுவிட்டு, 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இருந்த வடிவில் நிறுத்தியது. வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே இப்படிப்பட்ட திருப்பலை எதிர்த்துத்தான். ஒவ்வொரு தலைமுறையும் சேர்த்தது வரலாறுதான், அதை உரிக்க நமக்கு உரிமை இல்லை என்பது அவர் கட்சி.

நானும் பொதுவாக மோரிஸ் பக்கம்தான். மக்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு விக்டோரியா அடுப்பைப் பிடுங்குவதைக்கூட நான் ஒப்பமாட்டேன். ஆனால் பேலீஃப் எப்படியும் தன் மண்ணை விட்டு வந்துவிட்டது. புகை ஏறும் திறந்த கூடத்தில் நின்று பார்க்க இன்று வேறு எத்தனை இடம் இருக்கிறது? இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அந்த முடிவை ஏற்றுக்கொள்கிறேன்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்? என்ன பார்க்கவேண்டும்?

பேலீஃபை முதலில் பாருங்கள். அடுத்து கிழக்கு சசெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன். அங்கே 14ஆம் நூற்றாண்டு வீல்டன் வீடு ஒன்று வேய்ந்த கூரையோடு இருக்கிறது. பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1896இல் வாங்கிய முதல் கட்டடம் அதுதான், விலை 10 பவுண்டு. அதன் கூடத்தின் தரை சுண்ணப்பாறையை இடித்துப் போட்டு, புளித்த பாலால் மெழுகியது.

உள்ளே போனதும் சாமான்களைப் பார்க்க ஓடவேண்டாம். கூடத்தின் நடுவில் நின்று கழுத்தை நிமிர்த்துங்கள். உத்தரத்தின் நடுவில் ஒற்றைக் குறுந்தூண் எழுந்து நான்கு பக்கமும் கைவிரித்திருக்கும். அதன் தலையில் ஒரு நீளமரம், அதன் மேல், ஜோடி ஜோடியாக நிற்கும் கைமரங்களை இணைக்கும் குறுக்குக் கட்டைகள். முகட்டில் ஓடும் உத்தரம் கிடையாது. கைமரங்கள் ஒன்றையொன்று சாய்ந்தே நிற்கின்றன. கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் ஆகும். அப்புறம் பக்கத்துத் தூணுக்குப் போய், சன்னமான கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில் வாய்ச்சி செதுக்கிய அலைகள் முதலில் எழும்பும். மூட்டுக்குப் பக்கத்தில் தேடினால், தச்சர் கீறிய கோடுகளும் கண்ணில் படும்.